மூன்றடி வழி

ஸ்ரீராம்புரம் நாலாவது கிராஸில்
அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
மூன்றடி வழி.
அதில் நான் ஒரு கேட் வைத்தேன்.
பதினோரு வருஷமாகக் கேஸ்.
குணவதி, வாதி.
நான் பிரதிவாதி.

"பித்தம் தலைக்கேறிப் போச்சுடா உனக்கு"
என்று அவள் தெருவில் நின்று கத்திய வருஷமே
என் ஈரல் கல்லாக ஆரம்பித்திருந்தது.
ரெண்டு பேருக்கும் தெரியாது.

நடந்ததைச் சுருக்கிச் சொன்னால்
மனைவி ரத்தம் சேரவில்லை,
சின்னவன் போனை எடுக்கவில்லை,
அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
"நானும் ஓ பாசிட்டிவ்தான்.
கேஸை வாபஸ் வாங்குவேன்னு மட்டும் நெனைக்காதே."

அறுநூற்று நாற்பது கிராம்.
டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்த அந்த எண்ணை
அடகுச் சீட்டைப் படிப்பதுபோல்
ரெண்டு தடவை படித்தாள்.

ஈரலோடு கூடவே ஒரு வைரஸும் வந்திருந்தது.
அவள் உடம்பில் எந்தக் காலத்திலிருந்தோ
படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம்.
அவளை ஒருநாளும் ஒன்றும் செய்யாததாம்.
என் உடம்பு அதைப் பார்த்ததே இல்லையாம்.
ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம்,
எனக்கு மட்டும் எப்படி வராமல் போனது?
டாக்டர் தோளைக் குலுக்கினார்.
தடுப்பு மாத்திரை நிறுத்திய ஆறாவது வாரம்
காய்ச்சல், பேதி,
வெள்ளணு இரண்டாயிரத்துக்கும் கீழே.
கையில் ஊசி, வாயில் மாஸ்க்,
ஜன்னலுக்கு வெளியே ஹெப்பாள் பாலத்தில்
ஊரே நின்றுகொண்டிருந்தது, ஹாரன் அடித்தபடி.

அது அடங்கியது. அரிப்பு வந்தது.
உள்ளங்கை, உள்ளங்கால்,
எட்டாத முதுகு.
ராத்திரி மூன்று மணிக்குச் சப்பாத்திக் கட்டையால்
சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.
கண்ணாடியில் கண் மஞ்சள்.
பித்தம் இறங்க வழியில்லை என்றார்கள்.
அவளுடைய குழாயையும் என்னுடைய குழாயையும்
சேர்த்துத் தைத்த இடத்தில்தான் சுருக்கம்.
அங்கே மட்டும்.
மேலே சரியாக இருக்கிறது, கீழே சரியாக இருக்கிறது,
நடுவில் நூல் நுழைய இடமில்லை.
டாக்டர் படத்தைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார்.
கோர்ட் அனுப்பிய சர்வேயரும்
இப்படித்தான் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

வாய் வழியாகக் கேமரா விட்டு
பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள்.
மூன்று மாதத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும்.
எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், வாய்தா.
இதுவரை நாலு ஆயிற்று.
ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டு
ஒரு ராத்திரி குளிர் ஜுரம்.
கட்டில் ஆடியது.
விடிந்ததும் ஐ.சி.யூ. வாசலில் அக்கா,
"ஈரக்குலையே நடுங்கிப் போச்சுடா."
எந்தப் பாதி என்று கேட்க வாயெடுத்தேன்,
மூக்கில் ஆக்ஸிஜன் இருந்தது.

போன செவ்வாய் கோர்ட்.
ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினேன்.
அதே பெட்டியில், ரெண்டு சீட் தள்ளி, வாதி.
பேசவில்லை.
மெஜஸ்டிக்கில் மாறும்போது மணி ஒன்பது,
மாத்திரைக்கு என் போன் அடித்தது.
அவள் பைக்குள்ளும் ஒன்று அடித்தது.
அவசரமாக அமுக்கினாள்.
பிறகு தண்ணீர் பாட்டிலை
என் பக்கம் பார்க்காமலே நீட்டினாள்.

ஜட்ஜ் லீவு.
பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைப் படித்தார்,
ஜூலை பதினேழு.
நான் ஏதும் சொல்வதற்குள் அக்கா
அவளுடைய வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.
"அன்னைக்கு வேணாம் சார், வேற தேதி கேளுங்க.
ஆஸ்பத்திரியில குழாய் மாத்தணும்."
"யாரிகம்மா?" என்றார் அவர், கட்டைப் புரட்டிக்கொண்டே.

"எதிர்பார்ட்டிக்கு."